படித்துறை பிளேட்டும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும்

புரியாத ஒன்றை ரசிப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிவது இருபது வயதுக்காரர்களின் பிறப்புரிமை. அந்த உரிமையை நான் அளவுக்கு மேல் பயன்படுத்தினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கூட்டாளிகளில் சிலர் புரியாத கவிதையை ரசித்தார்கள், சிலர் புரியாத அரசியலை. நான் புரியாத ராக் இசையை ரசித்தேன். அதிலும் சாதாரண ராக் இல்லை, ப்ரோக்ரெஸிவ் ராக். (அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்டால் பதில் சொல்லமாட்டேன். கேட்டவனை இரக்கத்தோடு பார்ப்பேன். அதுவே போதுமானதாக இருந்தது.)

எழுபதுகளின் கடைசி. அப்பாவுக்கு அமைச்சகம் ஒன்றில் வேலை. சரோஜினி நகரில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அம்மா திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி நேராக டில்லிக்கு வந்தவள். இருபத்திரண்டு வருடம் டில்லிக் குளிரையும் டில்லிக் காய்கறிக்காரர்களையும் சமாளித்திருந்தாள். அவள் பேசும் இந்தியில் வினைச்சொல்லைத் தவிர மற்றதெல்லாம் தமிழ். ஆனாலும் சந்தையில் அவளிடம் பேரம் பேசி ஜெயித்த பையா எவனும் கிடையாது.

எனக்கு அப்பா வைத்த பெயர் ஆறுமுகம். கல்லூரியில் அது செல்லுபடியாகாது என்று நானாக முடிவுசெய்து, ஆறை வெட்டி, முகத்தை வளைத்து, 'மைக்' ஆகியிருந்தேன். வீட்டில் ஆறு முகம், கல்லூரியில் அரை முகம்.

அந்த இசைத்தட்டு என் கைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில். பழைய அட்லஸுக்கும் உடைந்த டார்ச் லைட்டுக்கும் நடுவே கிடந்தது. அட்டையில் பனி மூடிய ஓர் ஏரி. அதற்குள் கல்படிகள் இறங்கி மறைந்துபோயின. யாரோ நான்கு வெளிநாட்டுக்காரர்கள் வாசித்தது. புல்லாங்குழல் ஒருவர், பியானோ ஒருவர், மற்ற இருவரும் பின்னால் தாங்கிப் பிடிப்பவர்கள். பாட்டு, வார்த்தை எதுவும் கிடையாது. ஒரு பக்கத்தில் நான்கு சின்ன உருப்படிகள், மறுபக்கம் முழுக்க ஒரே உருப்படி. அட்டைக்காகத்தான் வாங்கினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லூரி வராந்தாவில் நடந்தால் முகத்துக்கு ஒரு களை வருகிறது என்று எனக்கு நம்பிக்கை.

வாங்கிய நாளில் வீட்டில் போட்டேன். இரண்டாவது பக்கத்தின் பாதியிலேயே தூங்கிப்போனேன். அம்மாதான் வந்து முள்ளை எடுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து, நான் இல்லாத நேரத்தில், அவள் அதைப் போட்டுக் கேட்க ஆரம்பித்திருக்கிறாள். அட்டையைப் பார்த்து அவளே பெயரும் வைத்துவிட்டாள். "ஏல, அந்தப் படித்துறை பிளேட்டு நல்லாருக்குலா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அம்மா, அது ப்ரோக்ரெஸிவ் ராக்."

"என்னவோ இருக்கட்டும். அந்தக் குழல் புது மருமக மாதிரி பணிவா ஆரம்பிக்கி. பியானோ மாமியா கணக்கா குறுக்க குறுக்க வருது. கடைசில பாரு, ரெண்டும் ஒண்ணா நின்னு சமைக்குது."

நான் அவளை இரக்கத்தோடு பார்த்தேன். (மேலே சொன்ன அதே பார்வை.)

எங்கள் கல்லூரியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடி மேல்நாட்டு இசை கேட்பார்கள். ஒருவர் ஒரு தட்டைக் கொண்டுவந்து, அதைப் பற்றிப் பேசிவிட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். ஆறு மாதம் நான் வெறுமனே தலையாட்டியே காலத்தை ஓட்டிவிட்டேன். ஜனவரியில் என் முறை வந்தது. கூட்டம் நந்திதாவின் வீட்டில், லோதி தோட்டத்துக்குப் பக்கத்தில். நந்திதா நிஜமாகவே பியானோ கற்றவள். அவள் வீட்டு ஹாலில் நிஜமாகவே ஒரு பியானோ இருந்தது. அவளுக்கு முன்னால் நான் எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பற்றி எனக்குத் திட்டவட்டமான கனவுகள் இருந்தன. எல்லாக் கனவிலும் நான் 'மைக்' ஆகவே இருந்தேன்.

ஏழு பக்கம் உரை எழுதினேன். ஒரு வாரம் வீட்டில் அதையும் நந்திதா வீட்டு விலாசத்தையும் மாற்றி மாற்றி ஜபித்தேன். ஞாயிறு காலை கடைசியாக ஒருமுறை தட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்து வந்ததும் அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, இட்லி கூட வேண்டாம் என்று, ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டேன். லோதி தோட்டத்தில் மரங்களுக்கு முன்னால் இரண்டு முறை உரையாற்றிப் பார்த்தேன். மரங்கள் ரசித்தன.

பதினொன்றரைக்குக் கூட்டம் தொடங்கியது. (அங்கே நடந்த பேச்செல்லாம் ஆங்கிலம், கொஞ்சம் இந்தி. எனக்கு வந்த தமிழில் தருகிறேன்.) நான் முக்கால் மணி நேரம் பேசினேன். "பாடகன் இறந்துவிட்டான்" என்று ஆரம்பித்து, "வார்த்தை என்பது இசையின் சிறை" என்று முடித்தேன். நந்திதா கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரோஹித் என்று ஒருவன் இருந்தான்; அவனுக்கு உண்மையிலேயே விஷயம் தெரியும், அதனாலேயே எனக்குப் பிடிக்காது. அவன் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

செய்தித்தாளைப் பிரித்தேன். அட்டையை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினேன். உள்ளே கையை விட்டேன்.

காற்று.

இன்னும் ஆழமாக விட்டேன். முழங்கை வரை போய்விட்டது. புத்தகம் போல் விரிகிற கனமான இரட்டை அட்டை அது. காலி என்பது கையில் தெரியவே இல்லை. தட்டு சரோஜினி நகரில், எங்கள் ரெக்கார்ட் ப்ளேயர் மூடிக்கு அடியில், ஹாயாகப் படுத்திருந்தது.

எந்த மனிதனும் அந்த நேரத்தில் 'மறந்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பான். நான் சொன்னேன்: "இந்த இசையைக் கேட்பதற்கு முன், நாம் கொஞ்ச நேரம் மௌனத்தைக் கேட்க வேண்டும்."

நம்பினால் நம்புங்கள், ஏழு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் மூடிக்கொண்டேன். இந்த இடைவெளியில் தரை பிளந்துகொண்டால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று.

"எவ்வளவு நீளமான மௌனம்?" என்று ரோஹித் மெதுவாகக் கேட்டான். "வார்த்தை இல்லாத இசை என்றாய். இப்போது இசையும் இல்லாத இசையா?"

அப்போதுதான் வெளி கேட்டிலிருந்து, லோதி தோட்டத்துக் கிளிகள் எல்லாம் ஒருசேரக் கிளம்புகிற மாதிரி, ஒரு குரல் கேட்டது.

"ஏ ஆறுமுகம்! ஏல ஆறுமுகம்!"

காவல்காரர், இங்கே ஆறுமுகம் யாரும் இல்லை, மைக் என்று ஒருவர்தான் இருக்கிறார் என்று சொன்னது கேட்டது. "மைக்கா? மைக் செட்டு எதுக்கு? கல்யாண வீடா?" என்று அம்மா கேட்டதும் கேட்டது. பிறகு காவல்காரர் தோற்றுப்போன சத்தம்.

அம்மா ஹால் வாசலில் வந்து நின்றாள். பச்சைப் புடவை. மேலே அப்பாவின் சாம்பல் நிற ஸ்வெட்டர். காலில் அப்பாவின் ஆபீஸ் சாக்ஸ், அதற்கு மேல் ரப்பர் செருப்பு, சாக்ஸோடு போட்டதால் விரல் இடுக்கில் ஏறாமல் பாதி வெளியே. சாக்ஸ் இரண்டும் ஒரே ஜோடியில்லை. ஒன்று பழுப்பு, ஒன்று நீலம். நெஞ்சோடு அணைத்திருந்தது ஒரு தலையணை உறை. அதற்குள் வட்டமாகத் தட்டு.

"வச்சுட்டு வந்துட்டியே, எய்யா" என்றாள். ஓடி வந்திருக்கிறாள் போல. மூச்சு வாங்கியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நந்திதா எழுந்து, "மைக், இது யார்?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். இன்றைக்கும் அந்த வாயை எனக்குப் புரிவதில்லை.

"எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி" என்றேன்.

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'நெய்பர்' தெரியும். அப்பா தினமும் மாடி வீட்டுக்காரரை ஆங்கிலத்தில்தான் திட்டுவார். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நந்திதாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஹாஞ்ஜி. படோசி" என்றாள். ஆமாம், பக்கத்து வீடுதான் என்று அர்த்தம்.

தலையணை உறையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியவளை நந்திதா விடவில்லை. கையைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்து, டீ கொடுத்தாள். ஒரு தட்டில் சமோசாவும் வந்தது. அம்மா சோபாவின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளும் தோரணையில் உட்கார்ந்தாள். சாக்ஸ் கால்களை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் தட்டைத் துடைக்கிற பாவனையில் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாவது பக்கத்தைப் போட்டேன். குழல் தனியாக, மெதுவாக ஆரம்பித்தது. பியானோ குறுக்கே வந்தது. ஐந்தாறு நிமிடம் கழித்து டிரம்ஸ் சேர்ந்துகொண்டதும் ரோஹித் முகத்தைச் சுளித்தான்.

"தாளம் தடுமாறுகிறதே. இது என்ன கணக்கு, மைக்?"

"ஃபோர் பை ஃபோர்" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான். "வேண்டுமென்றேதான் தடுமாறுகிறார்கள். சமூகத்தின் தடுமாற்றம்."

நந்திதா விரலால் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணிப் பார்த்தாள். இரண்டு சுற்றுக்குள் நழுவியது. மறுபடி எண்ணினாள், மறுபடி நழுவியது. ரோஹித்தும் எண்ணினான், அவனுக்கும் நழுவியது. எனக்குள் சமூகம் நிஜமாகவே தடுமாற ஆரம்பித்தது. அப்போது நந்திதாவின் பார்வை சோபாவின் பக்கம் போனது.

அம்மா கண்ணை மூடியிருந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. வலது கை தொடையின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அவள் கை டிரம்ஸின் முதல் அடியோடு கச்சிதமாக விழுந்தது.

"ஆன்ட்டி, நீங்கள் எத்தனை எண்ணுகிறீர்கள்?" என்று நந்திதா இந்தியில் கேட்டாள்.

அம்மா திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். பிறகு, "ஸாத்" என்றாள். "ஸாத் ஹை ஜி. தகிட தகதிமி. மூணு, நாலு. தகிட, தகதிமி."

ஏழு! நந்திதா ஓடிப்போய் பியானோவின் முன்னால் உட்கார்ந்தாள். "தகிட தகதிமி" என்று சொல்லிக்கொண்டே தட்டோடு சேர்ந்து வாசித்தாள். நழுவவில்லை. அடுத்த நிமிடம் ஏழு பேரும், ரோஹித் உட்பட, தொடையைத் தட்டிக்கொண்டு "தக்கிட்ட தக்கதீமீ" என்று பஞ்சாபி வாயால் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். நடுவில் ஒருவன் தப்பாகத் தட்டியதும் வெட்கத்தை மறந்து, "நஹீ நஹீ பையா, ஜல்தி நஹீ" என்று, அவசரப்படாமல் தட்டச் சொல்லி, அவன் கையைப் பிடித்தே திருத்தினாள்.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றாள். தம்பி. நீங்க. சொல்லுங்க. பெற்ற தாயின் வாயிலிருந்து அந்த மரியாதை, மார்கழிக் குளிரில் தலையில் ஊற்றிய குழாய்த் தண்ணீர் மாதிரி இறங்கியது.

நான் மொழிபெயர்த்தேன். அவள் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன்பு அவள் இருந்த வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு தவில்காரருடையது. அவர் விடியற்காலையில் சாதகம் பண்ணுவார். இவள் சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் தேய்ப்பாள். பத்து வருடம் அந்தக் கணக்கில்தான் பாத்திரம் தேய்த்தாளாம். இருபது வருடமாக அவள் பிள்ளையாக இருந்த எனக்கு அன்றைக்குத்தான் அது தெரியும். நான் கேட்டதில்லை.

"உன் அதிர்ஷ்டம் மைக், இப்படி ஒரு பக்கத்து வீடு" என்றாள் நந்திதா. பிறகு அம்மாவிடம், "இவனுடைய அம்மாவுக்கும் இசை பிடிக்குமா?" என்று கேட்டாள்.

அம்மா சமோசாத் தட்டைப் பார்த்து யோசித்தாள்.

"இஸ்கா மா? அச்சீ ஹை" என்றாள். "லேகின் தோடா பாகல்."

நல்லவள்தான், ஆனால் கொஞ்சம் கிறுக்கு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் செய்த எல்லாவற்றிலும் கேவலமானது அந்தச் சிரிப்புதான்.

இருவரும் சேர்ந்தேதான் கிளம்பினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு எப்படிக் கிளம்புவார்கள்? பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. வெயில் இதமாக இருந்தது. அம்மா தட்டை அட்டைக்குள் வைத்து, அட்டையைத் தலையணை உறைக்குள் வைத்து, மடியில் நிறுத்திக்கொண்டாள். நான் ஏழு பக்க உரை எழுதத் தெரிந்தவன். ஒரு வரி வரவில்லை.

"ஏல" என்றாள் கடைசியில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "ஸ்வெட்டராலயா, இங்கிலீஷ் தெரியாததாலயா?"

குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற மாதிரி, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். அன்றைக்குக் காலையிலிருந்து நான் சொன்ன முதல் உண்மையைச் சொன்னேன்.

"சாக்ஸும்மா."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஒன்று பழுப்பு, ஒன்று நீலம். இரண்டிலும் பாதி தொங்குகிற செருப்பு. முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து பார்த்தால், சிரிக்கிறாள். அடக்க முடியாமல், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"எய்யா, நானே பாக்கலல! மூடியைத் தொறந்தேன், பிளேட்டு கெடக்கு. அடப்பாவி, பிள்ளை அங்க போயி என்ன செய்வான்னு கையில கெடைச்சத மாட்டிட்டு ஓடியாந்தேன். மூணு வீட்டு கேட்டைத் தட்டிட்டேன். அந்த மூணு வீட்டுக்காரனும் இந்தக் காலைப் பாத்துருப்பான்லா!"

நானும் சிரித்தேன். பிறகு நான் மட்டும் அழுதேன். அவள் ஸ்வெட்டர் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "பசியில அழுத. இட்லி தின்னுட்டுப் போன்னா கேக்கியா?" என்றாள். அதற்குமேல் அந்த விஷயத்தில் எனக்குத் தண்டனை கிடையாது என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை கல்லூரியில் நந்திதாவைத் தேடிப்போய், இரண்டு வகுப்புகளை விட்டுவிட்டுக் காத்திருந்து, சொன்னேன். என் பெயர் ஆறுமுகம், அவள் என் அம்மா.

"தெரியும்" என்றாள்.

"எப்போதிலிருந்து?"

"வாசலில் நின்றபோதே. உன் மூக்கு அப்படியே அவர்களுடையது. அதுவுமில்லாமல் நீ பதற்றத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. உன் சமோசாத் தட்டைப் பார்த்துப் பார்த்து அவர்களும் ஒன்றும் சாப்பிடவில்லை. எந்தப் பக்கத்து வீட்டில் அப்படி ஓர் ஆன்ட்டி இருக்கிறாள்?"

"ரோஹித்துக்கும் தெரியுமா?"

"எல்லோருக்கும் தெரியும், மைக். காவல்காரருக்கு முதலிலேயே தெரியும்."

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்தார்கள். அவள் வர மறுத்து, அவர்களை வரச்சொல்லிவிட்டாள். எங்கள் இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து, அவள் வைத்த தேங்காய்ப்பால் சொதியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, படித்துறை பிளேட்டை இரண்டு பக்கமும் கேட்டார்கள். அறிமுக உரை யாரும் ஆற்றவில்லை. கடைசியில் குழலும் பியானோவும் சேர்கிற இடத்தில் அம்மா நந்திதாவின் முழங்கையை இடித்து, "கேக்கியா? இப்ப சமைக்குது பாரு" என்று தமிழிலேயே சொன்னாள். நந்திதா தலையாட்டினாள். எனக்கும் அன்றைக்குத்தான் அது கேட்டது. தூக்கம் வரவில்லை.

ஆனால் தண்டனை முடிந்தது என்று நான் நினைத்தது தப்பு. அன்றிலிருந்து அம்மா எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியாகவே இருந்துவிட்டாள். வெளியூரில் வேலை பார்த்தபோது வந்த கடிதங்களில் எல்லாம் 'இப்படிக்கு, பக்கத்து வீடு' என்றே இருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு நீங்கள் அம்மாவா என்று கேட்டவர்களிடம், "அவனைக் கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். என் மகள் மழலையில் முதலில் கற்ற கதை ராஜா கதையோ நரிக் கதையோ இல்லை, அப்பா பாட்டியைத் தெரியாது என்று சொன்ன கதை. அதில் வரும் சாக்ஸ் மட்டும் ஒவ்வொரு வருடமும் நிறம் மாறி, இப்போது ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

போன வருடம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். எண்பதைத் தாண்டிவிட்டாள். டில்லியில்தான் செய்தோம். ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்கு அழைத்துப்போகக் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தோடு வந்த நர்ஸ், கடமையாக என்னைக் காட்டி, "மாஜி, இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"படோசி."

நர்ஸ் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட முடியாது, சொந்தக்காரர் யாராவது வர வேண்டும் என்றாள். நான் என் அடையாள அட்டையைக் காட்டினேன். அதில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கிறது. என் மூக்கைக் காட்டினேன். அம்மாவின் மூக்கு வரை கட்டு. அறுபது வயதைத் தாண்டிய மனிதன் நான், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இவள் என் அம்மாதான் என்று அரை மணி நேரம் மன்றாடினேன். கடைசியில் நர்ஸ் மனமிரங்கி, படுக்கையின் பக்கம் குனிந்து, "சச் போலியே மாஜி, உண்மையைச் சொல்லுங்கள், இவர் உங்கள் பிள்ளையா இல்லையா?" என்று கேட்டாள்.

அம்மா கட்டுப்போடாத கண்ணைத் திறந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"இருங்க" என்றாள். "யோசிச்சுச் சொல்லுதேன்."